அணியின் பெயர் சொன்னால் போதுமா?

மேல்நிலை வகுப்புத் தமிழ்த் தேர்வில் ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்றொரு கேள்வி உண்டு. சில அடிகள் கொண்ட பாடல் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். மாணவர் அதுவரை கண்ணால் பார்த்திராத பாடலாகவும் அது இருக்கலாம். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் ஒரு பிள்ளையிடம், ‘இதை எழுதியவர் எப்படி எழுதியிருக்கிறார், பார்த்துச் சொல்’ என்று நேராகக் கேட்கும் இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் இதுதான் முக்கியமானது. மனப்பாடத்துக்குப் பிடிகொடுக்காத கேள்வியாகத்தான் இது தொடங்கியிருக்க வேண்டும்.

நடைமுறையில் பாடல் கைக்கு வருமுன்பே விடை தயாராகிவிடுகிறது. கடையில் விற்கும் எந்தக் கைடைப் புரட்டினாலும் ஒரே வார்ப்புதான்: முன்னுரை, திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சுவை, சந்தம், முடிவுரை. ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் ஆயத்த வாக்கியம். மோனைக்குக் காட்டையும் யானையையும் கோத்து ஒன்று, எதுகைக்கு மதுரையையும் வைகையையும் கோத்து இன்னொன்று. மாணவர் செய்ய வேண்டியது, பாடலில் முதலெழுத்து ஒன்றும் இரு சொற்களையும் இரண்டாம் எழுத்து ஒன்றும் இரு சொற்களையும் பிடித்து உரிய இடத்தில் போடுவது. பாடல் மழையைப் பற்றியதா மரணத்தைப் பற்றியதா என்பது விடையின் போக்கை மாற்றுவதில்லை. சுவை என்ற தலைப்பின் கீழ் மட்டும் பெருமிதமா அவலமா என்று ஒரு சொல் மாறும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உட்தலைப்புக்கு இவ்வளவு என்று மதிப்பெண் பிரித்த விடைக்குறிப்பு இருக்கும்போது உட்தலைப்பை எழுதுபவன்தான் கெட்டிக்காரன். தமிழாசிரியர்களிலும் பலர் இதை மனமொப்பிச் செய்வதில்லை. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. உத்தியின் பெயரைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்று நம் வகுப்பறை நினைக்கிறது. படிப்பு என்னவோ அந்தப் பெயருக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தற்குறிப்பேற்ற அணியை எடுத்துக்கொள்வோம். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது என்பது வரையறை. எடுத்துக்காட்டு தலைமுறை தலைமுறையாக ஒன்றே: சிலப்பதிகாரத்தில் மதுரையின் கோட்டைக் கொடிகள். கோவலனும் கண்ணகியும் நகரை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. ‘வராதீர்கள்’ என்று கை காட்டி மறிப்பதுபோல் அது இருந்தது என்கிறார் இளங்கோ. மாணவர் வரையறையை எழுதி, கொடியைச் சொல்லி, ‘எனவே இது தற்குறிப்பேற்ற அணி’ என்று முடிக்கிறார். முழு மதிப்பெண்.

இப்போது கம்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மிதிலைக் காட்சிப் படலத்தின் தொடக்கத்தில் இராமன், விசுவாமித்திரரோடும் இலக்குவனோடும் மிதிலையை நெருங்குகிறான். அங்கும் கொடிகள் ஆடுகின்றன, அங்கும் அவை நகரத்தின் கைகள். ஆனால் அந்தக் கைகள் ‘சீக்கிரம் வா’ என்று நீண்டு அழைக்கின்றன. அணி ஒன்றுதான். பெயரை மட்டும் எழுதும் மாணவருக்கு இரண்டு விடைக்கும் வேறுபாடே இருக்காது.

வேறுபாடு பெரியது. காற்றில் ஆடும் கொடியைப் பார்த்து அது ‘வா’ என்கிறதா, ‘போ’ என்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. முடிவு செய்தவர் கவிஞர். அந்த முடிவைச் சொன்ன விதத்தையும் பாருங்கள். கம்பரின் நகரம் அழைப்பதற்குக் காரணம் சொல்கிறது. தான் செய்த தவத்தால் திருமகளே தன்னிடம் வந்து இருக்கிறாள் என்ற பெருமை அதற்கு. நல்ல சேதி வைத்திருப்பவர் காரணத்தோடுதான் கூப்பிடுவார். இளங்கோவின் கொடிகள் காரணமே சொல்வதில்லை. வெறும் கையசைப்பு. அதோடு, அவை போரில் வென்று உயர்த்திய கொடிகள் என்றும் இளங்கோ சொல்லிவைக்கிறார். பகைவரையெல்லாம் வென்ற மதில் அது. உள்ளே வரப்போகும் இந்த இருவரைக் காக்கும் வழிதான் அதற்குத் தெரியவில்லை. மன்னனின் வீரமும் மன்னனின் நீதியும் வேறுவேறு என்று காப்பியம் பிற்பாடு நெருப்பைக் கொண்டு காட்டப்போவதை இந்த ஓர் அடைமொழி முன்கூட்டியே தொட்டுவிடுகிறது.

சில அடிகள் பின்னால் போய்ப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். புறஞ்சேரி இறுத்த காதையில் கொடிகள் தனியாக வரவில்லை. முதலில் வையை வருகிறது. கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்தவள்போல, பெருகும் கண்ணீரைப் பூவாடைக்குள் மறைத்துக்கொண்டு ஓடுகிறாள் அவள். பார்ப்பவர்களுக்குத் தெரிவது பூக்கள் மட்டுமே. இது நீராறா பூவாறா என்று வியந்து, கவுந்தியடிகளோடு மரப்புணையில் ஏறிக் கடக்கிறார்கள். அடுத்து அகழி. குவளையும் ஆம்பலும் தாமரையும் கண்ணீர் ததும்பக் காற்றில் நடுங்குகின்றன, வண்டுகள் ஏங்குகின்றன. மூன்றாவதாகத்தான் கொடி. ஆறு அழுகையை மறைத்தது. அகழி மறைக்காமல் அழுதது. கொடி கையை உயர்த்தித் தடுத்தது. நகரம் நெருங்க நெருங்க எச்சரிக்கை உரத்துக்கொண்டே வருகிறது. மூன்று மனிதர்களின் காதிலும் அது விழவில்லை. கதை முடிவைப் பதிகத்திலேயே படித்துவிட்ட நமக்கு மட்டும் விழுகிறது.

மூன்றும் தற்குறிப்பேற்றம்தான், ஆனால் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலைக்கு அந்தப் பெயர் போதாது. பாடநூல் எடுத்துக்காட்டாகத் தருவது மூன்றாவதை மட்டும். ஏணியின் மேற்படியை அறுத்தெடுத்து, ‘இதுதான் ஏறும் கருவி’ என்று காட்டுவது போன்ற காரியம் இது.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு புரியுமா என்று கேட்கலாம். புரியும். கொடியைத் திருப்பிக் கேட்டால் போதும். ‘இந்தக் கொடி, வாருங்கள் என்று அழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ வகுப்பில் யாராவது ஒருவர் ‘அப்ப இன்னும் பாவமா இருக்கும் சார்’ என்பார். நகரமே ஏமாற்றியதாக ஆகிவிடுமே! இளங்கோ ஏன் அந்த வழியில் போகவில்லை என்று விவாதம் தொடங்கிவிடும். நகரத்தின்மேல் பழி விழாமல், பழியை மன்னன் ஒருவன்மேல் வைக்கிறாரா? அப்படியானால் கடைசியில் நகரம் எரிவது எப்படி நியாயம்? இவை முனைவர் பட்ட ஆய்வுக்கும் உகந்த கேள்விகள். ஒரு கொடியைத் திருப்பியதில் கிடைத்தவை.

‘இப்படிச் சொல்லாமல் அப்படி ஏன் சொன்னார்’ என்று கேட்கும் பழக்கம் வெளியிலிருந்து வந்ததல்ல. நம் உரையாசிரியர்கள் வேலை செய்த முறையே இதுதான். பரிமேலழகரானாலும் பேராசிரியரானாலும் நச்சினார்க்கினியரானாலும் ஒரு சொல்லின் முன் நின்று, அதன் இடத்தில் வந்திருக்கக்கூடிய வேறு சொல்லை நினைத்துப் பார்க்கிறார்கள். பிறகு, இன்னதென்னாது இன்னதென்றார், ஏனெனில் என்று விளக்குகிறார்கள். எழுதப்பட்டதன் அருகில் எழுதப்படாததையும் வைத்து எடைபோடுகிற முறை. சில சமயம் ஆசிரியர் நினைத்தே பார்த்திராத நுட்பத்தையும் அவர்கள் கண்டெடுத்துவிடுவார்கள். அதையும் வகுப்பில் வைத்து, ‘இந்த இடத்தில் உரைகாரர் அதிகம் போகிறாரா?’ என்று கேட்கலாம். நாமோ அவர்களிடமிருந்து முடிவுகளை மட்டும் வாங்கிக்கொண்டோம். தண்டியலங்காரம் தரும் பொருளணிகள் முப்பத்தைந்தில் சிலவற்றின் பெயரும் வரையறையும் பாடநூலுக்கு வந்து சேர்ந்தன. கேட்கும் முறை வந்து சேரவில்லை.

இந்தக் கோளாறு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1920களில் ஒரு சோதனை செய்தார். பதின்மூன்று கவிதைகளை எழுதியவர் பெயரில்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, படித்துப் பார்த்துக் கருத்தை எழுதித் தரச் சொன்னார். நாட்டிலேயே நன்றாகப் படித்த இளைஞர்கள் எழுதித் தந்தவற்றைப் பார்த்தால், பலருக்குக் கவிதையின் நேர்ப்பொருளே பிடிபட்டிருக்கவில்லை. 1929இல் வந்த அவருடைய நூல், வாசகர் சறுக்கும் இடங்களைப் பத்தாக வகைப்படுத்துகிறது. அவற்றில் ஒன்று நுட்பம் பற்றிய முன்முடிவு. யாப்பு இப்படி இருந்தால் நல்ல கவிதை, இயைபு தவறினால் மட்டமான கவிதை என்று புறக்குறிகளை வைத்துத் தீர்ப்பெழுதுவது. ‘எதுகை அமைந்துள்ளதால் இப்பாடல் சிறக்கிறது’ என்ற நம் கைடு வாக்கியத்தை ரிச்சர்ட்ஸ் பார்த்திருந்தால் அந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார்.

தேர்ந்த வாசகர் இதிலிருந்து எங்கே வேறுபடுகிறார்? டொரன்டோவைச் சேர்ந்த ஜோன் பெஸ்கின் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களையும், அனுபவம் குறைந்த இளைய மாணவர்களையும் கடினமான பழைய கவிதைகளைப் படிக்கவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லவைத்தார். இரு தரப்பும் தடுமாறினார்கள். தடுமாறிய இடத்தில் என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். இளையவர்கள் பொருள் புரியாதபோது கைவிட்டார்கள், அல்லது தோன்றியதைச் சொல்லி நகர்ந்தார்கள். தேர்ந்தவர்கள் அந்த இடத்தில் வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரெதிராக எவை நிற்கின்றன, சொல் எங்கே இரண்டு பக்கம் பார்க்கிறது, அமைப்பு எங்கே திரும்புகிறது என்று தேடினார்கள். பொருள் புரிந்த பிறகு சுட்டிக்காட்டும் அலங்காரமாக உத்தி அவர்களுக்கு இருக்கவில்லை. பொருளுக்குள் நுழையும் கதவாக இருந்தது. நம் விடைத்தாளிலோ திரண்ட கருத்து முதலில், அணி பிறகு. கருத்து வேறு, நயம் வேறு என்ற பிரிவினையை உட்தலைப்பு வரிசையே மனத்தில் ஊன்றிவிடுகிறது.

பதின்பருவத்தினரிடம் இந்த மனநிலையை எப்படி வரவழைப்பது என்பதில் எனக்குத் தெரிந்து மிக உருப்படியான வேலை சிகாகோ பக்கம் நடந்திருக்கிறது. கேரல் லீ என்ற கறுப்பின ஆசிரியை, பின்னாளில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர், தம் ஆய்வை 1993இல் நூலாக்கினார். அவருடைய மாணவர்கள் தேர்வுகளில் பின்தங்கிய கறுப்பினப் பிள்ளைகள். நையாண்டி, குறியீடு, சொல்பவரை நம்பலாமா என்பதெல்லாம் அவர்களுக்கு எட்டாது என்று பள்ளி முடிவு கட்டியிருந்தது. லீ வேறொன்றைக் கவனித்தார். அந்தப் பிள்ளைகள் தெருவில் ஒருவரையொருவர் வார்த்தையால் மடக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அடுத்தவன் அம்மாவின் பருமனையோ வறுமையையோ நம்பவே முடியாத அளவுக்கு மிகைப்படுத்திச் சொல்ல வேண்டும். எதிராளி அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்ல வேண்டும். அதில் மிகையும் உருவகமும் இரட்டைப் பொருளும் குவிந்து கிடந்தன. சொன்னதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டவன் தோற்றான்.

லீ வகுப்பில் முதலில் இந்தப் பேச்சைப் பாடமாக வைத்தார். இவன் சொன்னதன் பொருள் என்ன என்று கேட்டதோடு விடவில்லை. ‘அது நிஜமில்லை என்று உனக்கு எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டார். முறையின் உயிர் இந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. பிள்ளைகள் காரணங்களை அடுக்கினார்கள். நடக்க முடியாத அளவு, சம்பந்தமில்லாத இரண்டைச் சேர்த்தது, தொனி, யார் யாரிடம் சொன்னது. அப்படித் திரண்ட குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு ஸோரா நீல் ஹர்ஸ்டன், ஆலிஸ் வாக்கர் ஆகியோரின் நாவல்களுக்குப் போனார்கள். வழக்கமான முறையில் படித்த வகுப்புகளைவிட இந்த வகுப்புகள் நாவலைப் பொருள்கொள்வதில் கூடுதலாக முன்னேறின.

நம் பிள்ளைகளுக்கும் இந்தச் சொத்து உண்டு. எதிர்வீட்டு ஆயா மருமகளைச் சாடை பேசுவதைக் கேட்டு வளர்கிறவர்கள். ‘நீ பெரிய அறிவாளிடா’ என்று நண்பன் சொன்னால் அது புகழா இகழா என்று நொடியில் தெரிந்துகொள்பவர்கள். வஞ்சப்புகழ்ச்சி என்ற பெயர் மட்டும்தான் அவர்களுக்குப் புதிது. வடிவேலுவின் ஒரே முகத்தை வைத்து நூறு மீம் செய்பவனுக்கு, படம் மாறாமல் வாசகம் மாறினால் பொருள் எப்படிப் புரளும் என்பது கைவந்த கலை. விடுகதை போடும் பாட்டி வீட்டில் இருந்தால் உருவகத்தின் ஒரு பாதியை மறைத்துவைக்கும் வித்தை ஆறு வயதிலேயே அறிமுகமாகியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மீம் போட்டுக் காட்டினால் பாடம் சுவையாகிவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொள்கிற போக்கு பயிற்சி வகுப்புகளில் உண்டு. சிரித்துவிட்டு எல்லாரும் பழைய கைடுக்கே திரும்பிவிடுவார்கள். மீமைப் பார்த்துச் சிரித்தவனிடம் ‘உனக்கு ஏன் சிரிப்பு வந்தது, எந்தச் சொல்லில் வந்தது?’ என்று துருவாவிட்டால் அங்கிருந்து சிலப்பதிகாரத்துக்கு வழி ஏற்படாது. தெரிந்த திறமை தானாகப் பாட்டுக்குத் தாவுவதில்லை. தாவ வைப்பது அந்தத் துருவல்.

சிகாகோவிலேயே ஆசிரியராக இருந்து பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்யும் சேரா லெவின் இன்னும் எளிய வழி ஒன்றைச் சோதித்து 2014இல் எழுதினார். படிக்கும் பகுதியில் உனக்கு உறைக்கும் சொல்லையோ வரியையோ தேர்ந்தெடு, அது நல்ல உணர்வைத் தருகிறதா, கெட்ட உணர்வையா, இரண்டையுமா என்று குறி, ஏன் என்று சொல். இவ்வளவுதான். சில வாரம் இப்படிப் பழகிய பள்ளி இறுதியாண்டு மாணவர்கள், கதைச்சுருக்கம் சொல்வதிலிருந்து பொருள்கொள்வதற்கு நகர்ந்தார்கள் என்பது அவர் கண்டது. பழகாத வகுப்பில் அந்த நகர்வு அவ்வளவு இல்லை. உணர்ச்சியை முதலில் பிடித்து, அதை எழுப்பிய சொல்லைப் பிறகு தேடுவது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் முடிந்த பிறகுதான் உவமவியல் தொடங்குகிறது. அந்த வரிசையில் ஒரு கல்விக் கொள்கை ஒளிந்திருப்பதாக நான் வாதாட மாட்டேன். என்றாலும் தமிழாசிரியருக்கு நினைவில் வைத்துக்கொள்ள வசதியான வரிசை அது.

உரைநடைக்கும் இதே வழி பொருந்தும். சொல்லப்போனால் உரைநடைக்குத்தான் கூடுதலாகத் தேவை. நம் துணைப்பாடச் சிறுகதைகளுக்குக் ‘கதைமாந்தரின் பண்பு நலன்களை விவரி’ என்ற ஒரே கேள்விதான் எப்போதும் காத்திருக்கிறது. பயிற்சிக்காக நான் எழுதிய இரண்டு பகுதிகளைப் பாருங்கள். ஒன்று: ‘தபால்காரர் போனதும் அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாள். துக்கத்தில் அன்று அவள் சமைக்கவில்லை.’ இரண்டு: ‘தபால்காரர் போனதும் அம்மா கடிதத்தை நாலாக மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். அன்று உலை வைக்கவில்லை.’

செய்தி ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பில் இரண்டையும் பலகையில் எழுதி, ‘எதில் அம்மாவுக்கு வருத்தம் அதிகம்?’ என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டாவது என்பார்கள். அழுகை என்ற சொல்லே அதில் இல்லையே என்று மடக்க வேண்டும். அதன்பின் ஆசிரியர் வாய்மூடிக்கொண்டால் போதும். ஏன் அரிசிப் பானை? வேறு யாரும் கை விடாத இடம். அப்படியானால் யாரிடமிருந்து மறைக்கிறாள்? உலை வைக்காதது துக்கத்தாலா, அரிசி எடுக்கப் பானையைத் திறந்தால் கடிதத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்பதாலா? கூர்மையான பிள்ளை ஒன்று வேறொன்றைக் கண்டுபிடிக்கும்: இரண்டாவதில் அவள் கடிதத்தைப் படித்ததாகவே இல்லை. படிக்கத் தெரியாதவளாக இருக்கலாம். படிக்காமலே சேதி தெரிந்தவளாகவும் இருக்கலாம். ‘துக்கத்தில்’ என்ற ஒரு சொல்லை எழுதியவர் எடுத்துவிட்டதால் வகுப்புக்குக் கிடைத்த வேலை இது. இந்தக் கட்டத்தில் ‘சொல்லாமல் உணர்த்துவது’ என்று அதற்கொரு பெயர் கொடுத்தால் அந்தப் பெயர் நிற்கும். அகப்பாடல்களின் உள்ளுறையும் இறைச்சியும் இதே குடும்பம்தான் என்று அறிமுகப்படுத்தவும் அதுவே சமயம்.

இப்படிப் பிரித்துப் போட்டால் ரசனை செத்துவிடும் என்ற ஆட்சேபம் தமிழில் பழையது, மதிப்புள்ளதும்கூட. 1920களில் திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. நடத்திய வட்டத்தொட்டியில் கவிதையை வாய்விட்டுப் பாவத்தோடு சொல்லிச் சொல்லியே அனுபவித்தார்கள். இலக்கண விளக்கம் அங்கே பின்னிருக்கைதான். 1959இல் எழுத்து இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, படைப்பைக் காரணகாரியத்தோடு பிரித்துப் பார்க்கும் அலசல் விமர்சனத்தை முன்வைத்தபோது, இன்னொரு விமர்சகரான க.நா.சு.வுக்கு அந்த வழியில் அவ்வளவு ஒப்புதல் இல்லை. தேர்ந்த வாசகனின் ரசனையே அவருக்கு அளவுகோல். பெரியவர்களின் அந்தச் சண்டையில் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் சேர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ரசனை ஏற்கெனவே பழுத்தவருக்கு அலசல் இடைஞ்சலாகத் தோன்றலாம். வீட்டில் ஒரு கதைப்புத்தகமும் இல்லாத பிள்ளைக்கு ‘ரசித்துப் படி’ என்று சொல்வது உதவியே அல்ல. எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று யாராவது காட்ட வேண்டும். டி.கே.சி.யின் வழியில் ஒன்றை மட்டும் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளலாம். பாடலை ஆசிரியர் முதலில் உரக்க, சரியாகப் படிக்க வேண்டும். இரண்டு முறை. எதுகையும் மோனையும் காதுக்காக வந்தவை. மௌனமாகப் பார்த்து அடிக்கோடிடுவதற்கு வந்தவையல்ல.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் உண்டு. பெயர்களெல்லாம் வீண் சுமை, எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் என்பது. எனக்கு இது உடன்பாடில்லை. பெயர் தெரிந்தவருக்குத்தான் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்க்க முடிகிறது. தற்குறிப்பேற்றம் என்ற சொல் இல்லாவிட்டால் மதுரைக் கொடியையும் மிதிலைக் கொடியையும் அருகருகே வைக்க எனக்கே தோன்றியிருக்காது. பெயர் விடையாக வரும்போது படிப்பு நின்றுவிடுகிறது. தேடும் விசையாக வரும்போது ஓடுகிறது.

முறையை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. இங்கிலாந்தின் பள்ளித் தேர்வில், மொழி, வடிவம், அமைப்பு ஆகியவற்றை எழுத்தாளர் எப்படிப் பயன்படுத்திப் பொருளையும் விளைவையும் உண்டாக்குகிறார் என்று ஆராய்வது மதிப்பீட்டு நோக்கங்களில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. வாசகத்தைப் பார்த்தால் நாம் கேட்பது அத்தனையும் அதில் இருக்கிறது. நடந்தது என்ன? கருத்தைச் சொல், சான்று காட்டு, விளக்கு என்ற மூன்றடுக்குப் பத்தி ஒன்று பிறந்தது. எல்லாக் கவிதைக்கும் அதே பத்தி. உத்திகளைப் பொறுக்கிப் பெயர் சொல்லிவிட்டு, ‘இது வாசகரை மேலும் படிக்கத் தூண்டுகிறது’ என்று முடிக்கும் விடைகளைப் பற்றி அங்குள்ள ஆசிரியர்களும் புலம்புகிறார்கள். நம் கைடுக்கு ஆங்கிலத்தில் ஒரு சகோதரி. பெருந்தொகைத் தேர்வு எங்கே இருந்தாலும் எந்த நல்ல கேள்வியையும் வார்ப்பாக்கிவிடும்.

எனவே சண்டை போட வேண்டிய இடம் வினாத்தாள். உத்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லாமல், உத்தியின் பெயரைக் கேள்வியிலேயே கொடுத்துவிடலாம். ‘கீழே உள்ள இரு பாடல்களிலும் ஒரே அணி பயின்று வந்துள்ளது. இரண்டிலும் அது செய்யும் வேலை எப்படி வேறுபடுகிறது?’ என்று கேட்டால் கைடின் ஆயத்த வாக்கியங்களில் முக்கால்வாசி உபயோகமற்றுப் போகும். அல்லது பாடலில் ஒரு சொல்லை மாற்றி அச்சிட்டு, மூலச்சொல்லையும் கொடுத்து, மாற்றியதால் எது போயிற்று என்று கேட்கலாம். உரையாசிரியர் கேட்ட அதே கேள்வி. திருத்துவதில் சிக்கல் வரும் என்பது உண்மை. விடைத்தாள் திருத்தும் முகாமில் கட்டுக்கட்டாகத் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு உட்தலைப்பை எண்ணுவது எளிது, ஒரு பிள்ளையின் காரணத்தை எடைபோடுவது கடினம். ‘ஏற்கத்தக்க வேறு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கலாம்’ என்ற ஒற்றைவரிக் குறிப்போடு விட்டால் ஆளுக்கொரு மதிப்பெண் விழும். மாதிரி விடைகள் சிலவற்றைப் பல தரங்களில் முன்கூட்டியே கொடுத்து, திருத்துபவர்கள் கூடிப் பேசி அளவை ஒழுங்குபடுத்திக்கொள்ள நேரம் ஒதுக்க வேண்டும். அதற்குப் பணமும் நாளும் செலவாகும். பொதுத்தேர்வில் இது உடனே நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தொடங்குவதற்கு ஓர் இடம் இப்போது திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-18இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. அந்த வகுப்பின் வினாத்தாளும் திருத்தமும் மறுபடி பள்ளிப் பக்கம் வருகின்றன. தன் வகுப்பின் நாற்பது தாளைத் தானே திருத்தப்போகும் தமிழாசிரியர், விடைக்குறிப்புக்குப் பயப்படாமல் காலாண்டிலேயே ஓர் இணைப்பாடல் கேள்வியை வைத்துப் பார்க்கலாம். ஒரு தடை மட்டும் உண்டு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போடவைத்த பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தான் அந்தப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அந்தப் பள்ளிகள் மாறிவிட்டனவா என்பது இனித்தான் தெரியும்.